ஹவுசிங் ஆபீஸை மூடப்போகிறார்களாம், கருத்துக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுதினால் பயன் உண்டா?

வடலி | ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளூராட்சிச் சபையின் வாடகை வீட்டில், 14 வருடமாக இருக்கிறோம், ஆறாம் மாடி. போன கிழமை கவுன்சிலில் இருந்து நாலு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. எங்கள் எஸ்டேட்டுக்குள், அதாவது குடியிருப்புத் தொகுதிக்குள், இருக்கும் ஹவுசிங் ஆபீஸை மூடிவிட்டு, ரிப்பேர், வாடகை, முறைப்பாடு எல்லாவற்றையும் போனிலும் இணையத்திலும் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். ஐந்து கிழமைக்குள் கருத்துச் சொல்லட்டாம். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "ஹவுசிங் சட்டம் 1985, பிரிவு 105" என்று இருக்கிறது.

என் அம்மாவுக்கு 74 வயது. குழாய் ஒழுகினாலும் சரி, ஹீற்றர் நின்றாலும் சரி, கீழே இறங்கிப் போய் அந்த ஆபீசில் இருக்கும் பிள்ளையிடம் கையால் காட்டியாவது சொல்லிவிட்டு வருவார். போனில் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்றால் அவரால் முடியவே முடியாது. எங்கள் கட்டடத்தில் அவரைப் போல எத்தனையோ பேர்.

என் கணவர், அவர்கள் முடிவெடுத்த பிறகுதான் கேட்பார்கள், அதைக் குப்பையில் போடு என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. யாராவது இப்படிப் பதில் எழுதி ஏதாவது மாறியிருக்கிறதா?

ஒற்றைப்பனை | ஞாயிறு, இரவு 9:52

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பிள்ளை. நான் 1998 இல் இருந்து கவுன்சில் வீட்டில் இருக்கிறேன். இப்படி ஐந்தாறு படிவங்கள் நிரப்பி அனுப்பியிருப்பேன். ஒன்றுக்குக்கூட "உங்கள் கருத்து கிடைத்தது" என்று பதில் வரவில்லை. லண்டனில் தீப்பிடித்து எரிந்த கிரென்ஃபெல் கட்டடத்து ஆக்கள் எத்தனை வருடம் எழுதினார்கள்! 2016 நவம்பரில்கூட, பெரிய அழிவு ஒன்று நடந்தால்தான் இவர்கள் திருந்துவார்கள் என்று இணையத்தில் எழுதி வைத்தார்கள். 2017 ஜூன் 14 இல் 72 உயிர் போயிற்று. எழுதினால் கேட்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கிணற்றடி | திங்கள், காலை 6:35

தங்கச்சி, அந்தக் கடிதத்தை எறிய வேண்டாம். பத்திரமாக வையுங்கள், வந்த கவரையும் சேர்த்து. எங்கள் எஸ்டேட் குடியிருப்பாளர் சங்கத்தில் ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிரிவு 105 என்பது ஒரு மரியாதைக்குக் கேட்பது கிடையாது. கவுன்சிலின் செக்யூர் டெனன்ட்களை, அதாவது நிலையான வாடகை உரிமை உள்ள குடியிருப்பாளர்களை, பெருமளவில் பாதிக்கும் நிர்வாக மாற்றம் எதையும் கொண்டுவர முன்பு அவர்களுக்கு அறிவித்து, கருத்துச் சொல்ல அவகாசம் கொடுத்து, வந்த கருத்துகளைப் பரிசீலித்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டக் கடமை. பராமரிப்பு, திருத்த வேலை, இடிப்பது, வீட்டோடு சேர்ந்த சேவைகள் எல்லாம் இதற்குள் வரும். முதல் வருடத்தில் இருக்கும் இன்ட்ரொடக்டரி டெனன்ட்களுக்கும் வேறொரு சட்டத்தில் இதே உரிமை இருக்கிறது. வாடகைத் தொகையும் சேவைக் கட்டணமும் இதற்குள் வராது. வீடில்லாதவர்களுக்குக் கவுன்சில் தற்காலிகமாகக் கொடுக்கும் டெம்பரரி வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தப் பிரிவு இல்லை. எங்கள் சனத்தில் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள், அது பெரிய குறை.

கேட்பது கடமை, கேட்டபடி நடப்பது கடமையில்லை. எல்லாரும் சலித்துப்போவது இந்த இடத்தில்தான். ஆனால் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு நீதிமன்றம் விதி வைத்திருக்கிறது. 1985 இல் பிரென்ட் கவுன்சிலின் பாடசாலைகள் பற்றிய வழக்கு ஒன்றில் வந்த நான்கு விதிகளைத்தான் இன்றைக்கும் பிடித்துக்கொள்கிறார்கள். முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதுமான காரணமும் விபரமும் தர வேண்டும். போதுமான நேரம் தர வேண்டும். வந்த பதிலை மனச்சாட்சியோடு எடை போட்ட பிறகு முடிவெடுக்க வேண்டும். 2014 இல் ஹாரிங்கே கவுன்சில் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே ஏற்றுக்கொண்டது. கவுன்சில் வரிச் சலுகையைக் குறைக்கும் திட்டத்துக்குக் கருத்துக் கேட்டபோது, குறைக்காமல் சமாளிக்க வேறு வழிகள் இருந்ததைச் சனத்துக்குச் சொல்லவில்லை; அதனால் அந்தக் கருத்துக்கேட்பு சட்டத்துக்கு முரண் என்றார்கள். திரும்ப நடத்தச் சொல்லி உத்தரவு போடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எல்லாக் கவுன்சில் வக்கீல்களுக்கும் இந்த விதிகளில் ஒரு பயம் இருக்கிறது.

அதனால் "ஆபீஸை மூட வேண்டாம்" என்று ஒரு வரியில் எழுதி அனுப்பாதீர்கள். அது எண்ணிக்கையில் மட்டும்தான் சேரும். கேள்வியாக எழுதுங்கள். மூடுவதால் எவ்வளவு பணம் மிஞ்சும்? கிழமைக்கு இரண்டு நாள் திறப்பதை யோசித்தீர்களா, அதை ஏன் கடிதத்தில் சொல்லவில்லை? வருடத்துக்கு எத்தனை பேர் அந்த ஆபீசுக்கு நேரில் வருகிறார்கள்? அவர்களில் வயது போனவர்கள் எத்தனை பேர்? 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி வயது, உடல் இயலாமை, இனம் ஆகியவற்றை மனதில் வைத்து முடிவெடுக்கும் கடமை கவுன்சிலுக்கு இருக்கிறது. அதற்காகச் செய்த மதிப்பீட்டைக் காட்டச் சொல்லுங்கள். புள்ளிவிபரம் தராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தில் தனியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்; ஆகவே இன்றைக்கே போடுங்கள், இல்லாவிட்டால் பதில் வர முன்பு ஐந்து கிழமையும் முடிந்துவிடும்.

அம்மாவும் தன் பெயரில் தனியாக எழுதட்டும். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, நீங்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஆபீஸை உண்மையில் பாவிக்கும் ஒருவர் தன் கையால் எழுதிய கடிதத்தை அறிக்கையில் சேர்க்காமல் விடுவது அவர்களுக்குக் கஷ்டம்.

திண்ணை | திங்கள், மதியம் 12:20

நல்ல விளக்கம் அண்ணா. குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பிள்ளைகளின் அறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம். இரண்டு முறை வந்து பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள், திரும்பவும் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், உள்ளே உடுப்புக் காயப் போடாதீர்கள் என்கிறார்கள். இதற்கும் சங்கம்தானா வழி?

கிணற்றடி | திங்கள், மாலை 5:48

தம்பி, இதற்குச் சங்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள். ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சணத்தால் 2020 டிசம்பரில் இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரால் வந்த அவாப் சட்டம் 2025 ஒக்டோபர் 27 இல் இருந்து இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான ஈரக்கசிவு, பூஞ்சணம் என்று அறிவித்தால் 10 வேலை நாளுக்குள் வந்து பரிசோதிக்க வேண்டும். ஆபத்து இருப்பது தெரிந்தால் அதற்குப் பிறகு 5 வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணித்தியாலம். உடுப்புக் காயப் போட்டதுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக இனி முடியாது.

நடக்காவிட்டால் "இது முறைப்பாடு" என்ற சொல்லையே போட்டு எழுதுங்கள். ரிப்பேர் கேட்பது வேறு கணக்கு, முறைப்பாடு வேறு கணக்கு. முதல் கட்டப் பதில், முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டதில் இருந்து 10 வேலை நாளில் வர வேண்டும். திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டம், 20 வேலை நாள். அதுவும் சரிவராவிட்டால் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன், அதாவது வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி. முன்பு கவுன்சிலர் அல்லது எம்.பி. மூலமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் எட்டுக் கிழமை காத்திருக்க வேண்டும். 2022 ஒக்டோபரில் இருந்து அந்தத் தடை இல்லை, நேரடியாகப் போகலாம், காசும் இல்லை.

பக்கத்து வீடுகளிலும் பூஞ்சணமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வரிசையில் ஆறு வீட்டில் என்றால் அது கூரையிலோ வெளிச்சுவரிலோ இருக்கும் கோளாறு. பெயின்ட் அடிப்பதால் தீராது, கவுன்சிலின் பெரிய வேலைத் திட்டத்துக்குள் போக வேண்டும். அந்தத் திட்டத்தில் எந்தக் கட்டடம் முதலில் என்பதற்கு அழுத்தம் கொடுக்கச் சங்கம் தேவை.

ஒற்றைப்பனை | திங்கள், இரவு 8:15

கிணற்றடி தம்பி, உங்கள் உழைப்பில் எனக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். கிரென்ஃபெல்லை நடத்தியது குடியிருப்பாளர் நிர்வாக அமைப்பு, டி.எம்.ஓ. என்றுதானே சொன்னார்கள்? குடியிருந்தவர்களே நிர்வாகச் சபையில் இருந்தார்கள். அப்படி இருந்தும் அந்தக் கதி. பிறகு நாங்கள் போய் எந்தக் கதிரையில் உட்கார்ந்து என்ன செய்ய?

கிணற்றடி | திங்கள், இரவு 10:30

அண்ணா, இந்தக் கேள்வி என்னையும் நித்திரை கொள்ள விடாமல் செய்த கேள்வி. கென்சிங்டன் செல்சி டி.எம்.ஓ. பெயரில்தான் குடியிருப்பாளர் அமைப்பு. அந்தக் கவுன்சிலின் ஏறக்குறைய 10,000 வீடுகளையும் அது ஒன்றே நடத்தியது. அவ்வளவு வீடு, அவ்வளவு எஸ்டேட். தங்கள் கட்டடத்தை யார் பார்க்கிறார்கள் என்று குடியிருந்தவர்களுக்கே தெரியாத அளவு. 2024 செப்டெம்பரில் வந்த விசாரணை அறிக்கையை வாசித்தால் மனம் கனக்கும். குறை சொன்ன சில குடியிருப்பாளர்களைக் கலகக்காரர்களாகத்தான் அந்த நிறுவனம் பார்த்தது என்று அதில் இருக்கிறது. சபையில் சிலருக்குக் கதிரை கிடைத்தது, ஆனால் கட்டடத்தில் இருந்து வந்த முறைப்பாடு அந்தக் கதிரை வரை போகவில்லை.

1994 இல் கவுன்சில் டெனன்ட்களுக்குக் கொடுத்த நிர்வகிக்கும் உரிமை சின்ன அளவில் நடத்துவதற்கும் இடம் தருகிறது. 25 வீடு இருந்தாலே தொடங்கலாம். முதலில் அந்த இடத்து டெனன்ட்களில் ஐந்தில் ஒருவராவது சங்கத்தில் சேர வேண்டும். பிறகு சாத்தியமா என்று ஆராய்வார்கள், பயிற்சி கொடுப்பார்கள், கடைசியில் வாக்கெடுப்பு. வென்றால் ரிப்பேர், துப்புரவு, வாடகை வசூல் என்று எந்தெந்த வேலையை எடுத்துக்கொள்வது என்பதை நீங்களே தெரிந்தெடுக்கலாம். அதற்கான பணத்தைக் கவுன்சில் தர வேண்டும். வீடு கவுன்சிலின் சொத்தாகவே இருக்கும், உங்கள் டெனன்சியும் மாறாது. லண்டன் சதக்கில் லெதர்மார்க்கெட், லீட்ஸில் பெல் ஐல் எல்லாம் அப்படி வருடக்கணக்காக நடக்கின்றன.

ஆனால் எல்லா எஸ்டேட்டுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் வேலை. சம்பளமில்லாத கமிட்டி. நாலு பேர் களைத்துப்போனால் முழுதும் படுத்துவிடும். எங்கள் எஸ்டேட்டில் யோசித்துவிட்டு, வேண்டாம், சங்கத்தையே பலமாக வைத்திருப்போம் என்று முடிவெடுத்தோம்.

சங்கத்தால் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். எங்கள் லிஃப்ட் கதை ஒன்று போதும். மாதத்தில் மூன்று நான்கு தடவை நிற்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போன் பண்ணுவார்கள். கவுன்சில், எங்கள் பதிவின்படி இந்த வருடம் ஆறு தடவைதான் பழுதானது என்று சொல்லும். ஒரே பழுதுக்குப் பத்துப் பேர் அழைத்தாலும் ஒன்று என்றே பதிவாகும், திருத்திய அன்றே திரும்ப நின்றால் அதையும் பழைய கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கீழ்மாடியில் இருந்த ஒரு கானா நாட்டு அம்மா சமையலறைக் கதவில் ஒரு கொப்பித்தாளை ஒட்டினார். நின்ற நேரம், திருத்திய நேரம், யார் மாட்டுப்பட்டார்கள் என்று பதினொரு மாதம் எழுதினார். 43 தடவை. அந்தத் தாளை அப்படியே போட்டோப் பிரதி எடுத்து, லிஃப்ட் ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோனோம். கவுன்சில் அதிகாரி அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருட வேலைத் திட்டத்தில் எங்கள் லிஃப்டை மாற்றும் வேலை சேர்ந்தது.

வேறு எந்தக் கூட்டத்தில் சத்தம் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது. ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வரவுசெலவு எப்போது போடுகிறார்கள் என்ற நாட்காட்டியைத் தெரிந்துகொண்டு அதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். வீட்டை வாங்கி லீஸ்ஹோல்டராக இருப்பவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். தலைக்கு 250 பவுணுக்கு மேல் வரும் பெரிய வேலைக்கு அவர்களிடம் தனியாக அறிவித்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவர்கள் கையில் இருக்கும் கடிதத்தில் எங்களுக்கு வராத விலைப்பட்டியல் இருக்கும்.

ஆடிக்கூழ் | செவ்வாய், காலை 8:05

கிளாஸ்கோவில் இருந்து எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு, கலந்துவிடாதீர்கள். இங்கே 2001 ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகையைக் கூட்ட முன்பும் டெனன்ட்களிடம் கேட்டே ஆக வேண்டும். எங்கள் சங்கம் பதிவுசெய்த டெனன்ட் அமைப்பு. பெரிய மாற்றம் எதுவானாலும் எங்களுக்கும் கடிதம் வரும். 1915 இல் இந்த ஊரில் மேரி பார்பரும் மற்றப் பெண்களும் வாடகை கொடுக்க மறுத்து நின்றார்கள். அந்த வருடமே பாராளுமன்றம் வாடகையை மட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. அவர்கள் தனியார் வீட்டில் இருந்தவர்கள்தான், ஆனாலும் எங்கள் கூட்டங்களில் அவர் பெயர் இன்றும் வரும்.

முற்றத்துமல்லி | செவ்வாய், இரவு 9:40

வடலி அக்கா, எங்கள் எஸ்டேட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்று வந்தபோது நாங்களும் உங்களைப் போலத்தான் முழித்தோம். லண்டனில் 2018 ஜூலையில் இருந்து ஒரு விதி இருக்கிறது. மேயரின் பணத்தில் 150 வீடோ அதற்கு மேலோ கட்டி, இருக்கிற சமூக வீடுகளை இடிப்பதென்றால் குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 16 வயது ஆனவர்களும் டெனன்சியில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். அங்கே வீடு வாங்கி ஒரு வருடமாவது குடியிருப்பவர்களுக்கும், அங்கே குடியிருந்துகொண்டு கவுன்சில் வீட்டுப் பட்டியலில் ஒரு வருடமாக இருப்பவர்களுக்கும்கூட வாக்கு உண்டு. எங்கள் டெம்பரரி வீட்டுக்காரர் பலர் அந்தப் பட்டியலில் இருந்தும் இது தெரியாமல் இருந்தார்கள். நானும் அம்மாவும் கதவு கதவாகத் தட்டித் தமிழிலும் சோமாலியிலும் எழுதிய சின்னத் துண்டுகளைக் கொடுத்தோம்.

ஆம், இல்லை என்பதைவிட, வாக்கெடுப்புக்கு முன்பு வரும் வாக்குறுதிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அனுபவத்தில் விளங்கியது. எங்களுக்கு வந்த முதல் வரைவில் "திரும்பி வர வாய்ப்பு" என்று இருந்தது. அதை "திரும்பி வரும் உரிமை, அதே வகை டெனன்சி" என்று மாற்றும்வரை நாங்கள் விடவில்லை.

ஒற்றைப்பனை | புதன், மாலை 6:20

இந்தப் பட்டியல் விசயம் எனக்குத் தெரியாது பிள்ளை. என் மருமகளும் பட்டியலில் இருக்கிறாள். நன்றி.

கிணற்றடி | வியாழன், காலை 6:50

இன்னொன்றையும் வடலி தங்கச்சி உங்கள் கடிதத்தில் சேருங்கள். 2024 ஏப்ரலில் இருந்து சமூக வீட்டு ஒழுங்குபடுத்துநர் கவுன்சில்களையும் வந்து பரிசோதிக்கிறார், ஆயிரம் வீட்டுக்கு மேல் இருந்தால் நாலு வருடத்துக்கு ஒருமுறை. சி1 முதல் சி4 வரை தரம், சி4தான் மிக மோசம். 2024 ஒக்டோபரில் நியூஹாம் கவுன்சிலுக்குச் சி4 கிடைத்தது, முதன்முதலாக அந்தத் தரம் வாங்கியது அதுதான். தனி ஆள் முறைப்பாட்டை அவர் தீர்க்க மாட்டார். ஆனால் டெனன்ட்களின் கருத்தைக் கேட்டு அதனால் என்ன மாறியது என்று கவுன்சில் காட்ட வேண்டும். பரிசோதகர்கள் டெனன்ட்களோடு நேரிலும் கதைப்பார்கள். "இந்தக் கருத்துக்கேட்பில் என்ன மாறியது என்பதை எழுத்தில் எங்களுக்கு அறிவியுங்கள்" என்ற ஒரு வரி உங்கள் கடிதத்தில் இருக்கட்டும். அந்த வரி யாரை நோக்கியது என்று வாசிக்கும் அதிகாரிக்கு விளங்கும்.

முடிவெடுக்கும் கபினெட் (கவுன்சிலின் நிர்வாகக் குழு) கூட்டத்தின் அறிக்கையைக் கூட்டத்துக்கு ஐந்து முழு வேலை நாளுக்கு முன்பே இணையத்தில் போட வேண்டும். அது வந்த அன்றே வாசியுங்கள். உங்கள் கேள்விகளுக்குப் பதில் இல்லாவிட்டால் வார்ட் கவுன்சிலரிடம் போய் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வடலி | இரண்டு கிழமை கழித்து, சனி, மதியம் 2:15

எல்லாருக்கும் நன்றி. எழுதிவிட்டேன். அம்மா தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதினார், நான் மொழிபெயர்த்தேன். என் கணவரும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஒன்பதாம் மாடி வரை ஏறினார். மொத்தம் 31 வீட்டில் இருந்து கடிதம் போயிருக்கிறது. தகவல் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை. கீழ்வீட்டு வங்காளி அன்ரி சொல்லித்தான் தெரிந்தது, எங்கள் எஸ்டேட்டிலும் ஒரு சங்கம் இருந்திருக்கிறது, செயலாளர் வீடு மாறிப்போனதோடு நின்றுவிட்டதாம். சங்க விதிகள் அடங்கிய யாப்பும் பழைய வங்கிக் கணக்கும் இன்னும் இருக்கின்றன.

வடலி | நாலு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 8:30

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். தகவல் பதில் வந்தது: போன வருடம் அந்த ஆபீசுக்கு நேரில் வந்தவர்கள் 2,900 பேர். இந்த எண் கவுன்சிலின் முதல் கடிதத்தில் இல்லை, கபினெட் அறிக்கையில் இருந்தது. அம்மாவின் கடிதத்தில் இருந்து இரண்டு வரியையும் போட்டிருந்தார்கள், பெயர் இல்லாமல். முழுநேர ஆபீஸைக் காப்பாற்ற முடியவில்லை, அது எனக்குக் கவலைதான். அங்கே இருந்த மூன்று பேரில் இருவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலை 10 மணி முதல் 1 மணி வரை திறந்திருக்கும், ஒரு வருடத்துக்குப் பிறகு எங்களிடம் கேட்காமல் அதை மாற்றுவதில்லை என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். சங்கத்தின் பொதுக்கூட்டம் அடுத்த மாதம், கீழே இருக்கும் மண்டபத்தில். கிணற்றடி அண்ணா, யாப்பைத் திருத்த உங்களிடம் ஒரு மணித்தியாலம் கேட்பேன்.

அம்மா வெள்ளிக்கிழமை போய்விட்டு வந்தார். குளியலறைக் குழாயைப் பற்றிச் சொல்லியாயிற்றாம், அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம்.

கிணற்றடி | ஞாயிறு, இரவு 9:05

ஒரு மணித்தியாலம் என்ன, இரண்டு தருகிறேன் தங்கச்சி. பழைய வங்கிக் கணக்கின் கடைசிக் கூற்றையும் எடுத்து வையுங்கள், புதிய பொருளாளரின் கையொப்பம் மாற்ற அது முதலில் தேவைப்படும்.